நாங்கள் திருத்திய வரிகள்: சிறுபிள்ளைகளுக்குக் கவிதை எழுதப் பழக்குதல்

சென்ற வருடம் ஒக்டோபரில், வாசிப்பு மாதத்தை முன்னிட்டு எங்கள் பகுதி வாசிகசாலை ஒன்று ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு கவிதைப் போட்டி வைத்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற தகுதியில் என்னையும் நடுவராகப் போட்டார்கள். தரம் 3 தொடக்கம் தரம் 5 வரையான பிள்ளைகளின் கவிதைகள் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அஸர் தொழுதுவிட்டு விறாந்தையில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். மஃரிபுக்கு பாங்கு சொல்வதற்கு முன்னமே எனக்கு அலுத்துப் போய்விட்டது.

பிள்ளைகள் மேல் உள்ள அலுப்பு அல்ல. அந்தக் கட்டில் பிள்ளைகளே இல்லை என்பதுதான் அலுப்பு. தாயைப் பற்றி எழுதிய எல்லாரும் "பத்து மாதம் சுமந்த" தாயைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஆசிரியரைப் பற்றி எழுதிய எல்லாருக்கும் ஆசிரியர் "ஏணி"யாகவோ "மெழுகுவர்த்தி"யாகவோ இருந்தார். மரம் நிழல் தந்தது, காய் தந்தது, கனி தந்தது. நூலகம் அறிவு தந்தது. எட்டு வயதுப் பிள்ளை "வாலிபர்களே விழித்தெழுங்கள்" என்று எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பிள்ளையுடையது. குரல் முழுக்க எங்களுடையது.

அந்தக் கட்டின் அடியில் ஒரு தாள் கிடந்தது. நான்காம் தரப் பிள்ளை. நீல மையில் அழகாக நாலு வரி:

தந்தை கடல்மீது சென்றார்
தாயோ துயரோடு நின்றார்
எம்மைக் காக்கவே உழைக்கும்
எந்தையின் பாதம் பணிவோம்

இதுவும் அதே சாமான்தான் என்று தாளைப் புரட்டப் போனபோது, நீல எழுத்துக்குக் கீழே பென்சில் தடம் தெரிந்தது. இறப்பரால் அழித்திருந்தார்கள். அழுத்தி எழுதுகிற பிள்ளை போல, தடம் போகவில்லை. தாளைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தேன்:

வாப்பா கடலுக்குப் போன ராவு
உம்மா கதவடியில இருப்பா
வாப்பா வந்தாலும் திறப்பா
காத்து வந்தாலும் திறப்பா

நான் நாற்பது வருடம் கவிதை படிப்பித்தவன். காற்றுக்கும் கதவைத் திறக்கிற ஒரு பெண்ணை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் காணவில்லை. அந்தப் பிள்ளை கண்டிருக்கிறது. கண்டதைச் சொல்லியும் இருக்கிறது. பிறகு யாரோ ஒருவர், நிச்சயமாக அந்தப் பிள்ளையில் அன்புள்ள ஒருவர், அதை அழித்துவிட்டு "நல்லதாக" எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த இறப்பரைப் பற்றியது. அது என் கையிலும் இருந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைக்கான பாட்டும் பிள்ளையின் பாட்டும்

எங்களுடைய முதலாவது பிழை இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக எண்ணியது. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எழுதும் பாட்டு ஒன்று. பிள்ளைகள் தாங்களே எழுதும் பாட்டு இன்னொன்று. முன்னையதில் நாங்கள் பணக்காரர்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தார். அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித் தோட்டத்து வெருளியும் இன்றும் பிள்ளைகளின் வாயில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அழ. வள்ளியப்பா தன் ஆயுளையே இதற்குக் கொடுத்தார். எங்கள் பாடசாலைகளில் பாவோதல் போட்டி இருக்கிறது. பாட்டை மனனமிட்டு, ஓசை கெடாமல், பொருள் உணர்ந்து சொல்லப் பழகுவது பெரிய பயிற்சி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓதப்பள்ளியில் சூறாக்களை மனனமிட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஓசையைக் காதால் பிடிக்கும் திறமை மற்றவர்களைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை.

ஆனால் பாவோதலில் நல்ல பிள்ளையை "நீயே ஒண்டு எழுது" என்று சொன்னவுடன் என்ன நடக்கிறது? அது மனனமிட்ட பாட்டின் அச்சில் இன்னொன்றை வார்க்கிறது. பிள்ளைப் பாட்டில் பேசுகிறவர் அநேகமாக ஒரு பெரியவர். அன்பாகப் புத்தி சொல்கிறவர். ஆகவே கவிதை என்றால் புத்தி சொல்வது என்று பிள்ளை விளங்கிக்கொள்கிறது. யாருக்குச் சொல்வது? தன்னைவிடச் சின்னவன் கிடைக்காததால் எங்களுக்கே சொல்லுகிறது. "வாலிபர்களே விழித்தெழுங்கள்" வந்த வழி இதுதான். பிள்ளையில் பிழை இல்லை. கேட்ட பாட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

கடைசிச் சொல்லின் மோகம்

இரண்டாவது பிழை ஓசை பற்றியது. "வரியின் கடைசியில் ஒரே சத்தம் வரவேணும்" என்பதுதான் எங்கள் வகுப்பறைகளில் கவிதைக்குச் சொல்லப்படும் முதல் இலக்கணம். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இது பெரும்பாலும் ஆங்கிலச் சிறுவர் பாட்டுகளைப் பார்த்து வந்த பழக்கம். ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. கடைசிச் சொல் ஒத்து வரவேண்டுமென்றால் தேட வேண்டும். தேடும்போது எதிர்பாராத ஒரு சொல் அகப்படும். அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது.

தமிழில் அப்படியல்ல. வினை கடைசியில் வரும். ஓடும், ஆடும், பாடும், கூடும்; சென்றார், நின்றார், வென்றார், என்றார். தேடாமலே ஒத்துவரும். ஒரு பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் நூறு வரி இப்படி எழுதலாம். ஒன்றையும் பார்க்கத் தேவையில்லை. ஓசை இலவசமாகக் கிடைப்பதால் கண் தூங்கிவிடுகிறது. எங்கள் முன்னோர் கடைசி ஒலியை, அதாவது இயைபை, ஒதுக்கவில்லை. ஆனால் பாரத்தை வரியின் தலையில் வைத்தார்கள். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. வரியைத் தொடங்கும்போதே காது விழிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது.

இதைப் பிள்ளைக்கு இலக்கணமாகச் சொல்லத் தேவையில்லை. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளையிடம் "வாப்பா எண்ட சொல்லோட சேர்ந்து நிக்கிற சாமான் என்ன?" என்று கேட்டால் "வலை, வள்ளம்" என்று சொல்லும். அது மோனை. "கடல் மாதிரிச் சத்தம் வாற சொல்?" என்றால் "படகு, குடை, வடை" என்று சிரித்துக்கொண்டு அடுக்கும். அது எதுகை. ரஷ்ய எழுத்தாளர் கோர்ணி சுகோவ்ஸ்கி சின்னப் பிள்ளைகளின் பேச்சைப் பல வருடங்கள் குறித்து வைத்து ஒரு நூல் எழுதினார். 1928இல் வேறு தலைப்பில் வெளிவந்து, பிறகு "இரண்டு முதல் ஐந்து வரை" என்ற பெயரில் பிரசித்தமானது. பிள்ளையின் முதல் பாட்டுகள் துள்ளலிலும் ஓட்டத்திலும் பிறக்கின்றன, உடம்பின் தாளம்தான் அங்கே யாப்பு என்பது அவருடைய அவதானிப்புகளில் ஒன்று. எங்கள் முற்றங்களிலும் கிளித்தட்டுக்கும் ஊஞ்சலுக்கும் பக்கத்தில் நின்று காது கொடுத்தால் இதைக் கேட்கலாம்.

அந்தப் பென்சில் கவிதையைத் திரும்பப் பாருங்கள். அழித்தவர் அதில் ஓசை இல்லை என்று நினைத்திருப்பார். வாப்பா, இருப்பா, திறப்பா, வாப்பா, திறப்பா. முதல் சொல்லின் முடிவே கதவடியிலும் கேட்கிறது, காற்றிலும் கேட்கிறது. வாப்பா இல்லாத இரவில் எல்லாச் சொல்லும் வாப்பாவின் ஒலியில் முடிகின்றன. அந்தப் பிள்ளை இதைத் திட்டமிட்டதென்று நான் சொல்லவில்லை. காது செய்தது. "தந்தை" என்று மாற்றியவுடன் அந்த ஓசை முழுவதும் அறுந்துபோனது. இலக்கணம் தெரிந்தவர் ஓசையைக் கெடுத்தார். தெரியாத பிள்ளை ஓசையோடு எழுதியது.

வீட்டுச் சொல்லுக்கு வாசலில் தடை

மூன்றாவது பிழைதான் எனக்குப் பெரிய வருத்தம். "எந்தையின் பாதம் பணிவோம்" என்று ஒரு முஸ்லிம் பிள்ளையின் கவிதையில் வந்திருக்கிறது. பாதம் பணிவது எங்கட வழக்கத்தில் இல்லை. நேரில் செய்தால் வாப்பாவே தடுப்பார். ஆனால் பாட்டில் வந்தால் பரவாயில்லை; "வாப்பா", "உம்மா", "ராவு" வந்தால்தான் குற்றம்!

1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. பேச்சுவழக்கை இலக்கியத்தில் கொண்டுவருவது இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். மக்கள் பேசும் மொழியில் மக்களின் வாழ்வை எழுதுவோம் என்று எழுத்தாளர்கள் மறுபக்கம் நின்றார்கள். வென்றது யார் என்று வாசகர்களுக்குத் தெரியும். இன்று எங்கள் சிறுகதைகளில் உம்மாவும் வாப்பாவும் ராத்தாவும் காக்காவும் தாராளமாகப் பேசுகிறார்கள். அதை நாங்கள் "மண்வாசனை" என்று மெச்சுகிறோம், ஆய்வரங்கு வைக்கிறோம். ஆனால் பெரியவர்களுக்குக் கிடைத்த அந்த உரிமையை நாங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் எழுத்தாளர் பக்கம் நின்றவர்களின் மாணவர்களாகிய நாங்களே, வகுப்பறைக்குள் போனவுடன் பண்டிதர்களாகிவிட்டோம்.

இப்போது என் கதை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. எங்கள் கரையோரக் கிராமங்களில் அது என்ன செய்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை. அடுத்த வருடம் ஓராண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுவது என்று தீர்மானித்தோம். பிள்ளைகளின் ஆக்கங்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தற்காலிகக் கொட்டிலில் நடந்த வகுப்பில் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்தேன். பேசாமல் இருக்கிற ஒரு பொடியன், பத்து வயது இருக்கும், மூன்று வரி எழுதித் தந்தான்:

ராத்தாட ஒரு செருப்பு எங்கட்ட கிடக்கு
மத்தது கடலுக்கிட்ட
ராத்தா எப்படி நடப்பா

நான் அதை வாசித்தேன். வாசித்து, "பாவம், பிள்ளைக்கு எழுத வரவில்லை" என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அன்றிரவு இருந்து அதைப் பன்னிரண்டு வரியாக்கினேன். கொடுங்கடலை விளித்தேன். "மலர்கள் உதிர்ந்தன" என்று எழுதினேன். செருப்பை எடுத்துவிட்டேன், நினைவு மலரில் செருப்பு எப்படி வரும்? அவனுடைய பெயரைப் போட்டு அச்சிட்டோம்.

மலர் வந்த அன்று அவனுடைய பக்கத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். முழுவதையும் வாசித்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "இது ஆரு எழுதின சேர்?" என்று கேட்டான். கோபமில்லை. தெரியாமல்தான் கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவனிடம் ராத்தாவைப் பற்றி எஞ்சியிருந்தது அந்த ஒரு செருப்பும் அந்த மூன்று வரியும்தான். ஒன்றை நான் எடுத்துவிட்டேன். பென்சில் தடத்தைக் கண்டவுடன் என் கை நடுங்கியது ஏன் என்று இப்போது விளங்கும்.

நியூயோர்க்கில் ஒருவர் செய்தது

அப்படியென்றால் என்ன செய்வது? பிள்ளைகளைச் சும்மா விட்டால் எழுதுவார்களா? இதற்கு ஓரளவு பதில் தேடியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். 1968இல் நியூயோர்க்கின் 61ஆம் இலக்கப் பொதுப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குக் கவிதை எழுதப் பழக்கத் தொடங்கினார். அந்த அனுபவத்தை 1970இல் "ஆசைகள், பொய்கள், கனவுகள்" என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார்.

அவர் செய்த முதல் காரியம் மிகச் சாதாரணமானது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் "நான் ஆசைப்படுகிறேன்" என்று தொடங்க வேண்டும். வரிக்குள் ஒரு நிறம், ஒரு சித்திரக்கதைப் பாத்திரம், ஒரு ஊர் அல்லது நாடு வரவேண்டும். எல்லா வரியையும் சேர்த்து ஒரு கவிதையாக வாசித்தார். தனியாக ஒரு கவிதை எழுதப் பயந்த பிள்ளை ஒரு வரிக்குப் பயப்படவில்லை. கடைசி ஒலி ஒத்துவர வேண்டாம் என்றார். அதைத் தேடும்போது பிள்ளை சொல்ல வந்ததை விட்டுவிடுகிறது என்பது அவர் கண்டது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களையும் கவிதைக்குள் கொண்டுவர இடம் கொடுத்தார். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இடம் கேட்கிற எனக்கு இது ஒரு பெரிய சாட்சி.

கோக்கை மறுத்தவர்களும் உண்டு. சிறுவர் கவிஞரான மைரா கோன் லிவிங்ஸ்டன் 1984இல் வெளியிட்ட நூலில், பிள்ளையைக் கவிஞன் என்று கொண்டாடும் போக்கையே கேள்விக்குட்படுத்தினார். வாய்பாடு கொடுத்து நிரப்பச் சொன்னால் வருவது கவிதையா என்பது நியாயமான கேள்வி. எங்களிடம் இந்த ஆபத்து கூடுதல். "ஆசை" வாய்பாட்டை ஒரு சுற்றறிக்கையில் போட்டுவிட்டால், அடுத்த வருடம் எல்லாக் கட்டிலும் ஆசைகளே வரும். புள்ளித் திட்டமும் வந்துவிடும். ஆகவே கோக்கிடமிருந்து எடுக்க வேண்டியது வாய்பாட்டை அல்ல. பிள்ளையின் பயத்தைப் போக்க ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டு, சொல்வதைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும் என்ற ஒழுங்கைத்தான்.

அந்தப் போட்டி முடிந்த பிறகு, அதே வாசிகசாலையில் சில சனிக்கிழமைகள் பதினைந்து இருபது பிள்ளைகளோடு நான் இதைச் செய்து பார்த்தேன். ஒரு விசயம் உடனே தெரிந்தது. அந்த ஆங்கில வரியில் ஆசை முன்னுக்கு வருகிறது. தமிழில் "வேணும்" கடைசிக்குப் போய்விடுகிறது. கடைசி ஒலி தானாக அமைந்துவிடுகிறது; பிள்ளை அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. வரியின் தலை முழுவதும் அதற்குத் திறந்து கிடக்கிறது. வந்த வரிகளில் இரண்டு:

எனக்கு ஒரு கறுத்த ஆடு வேணும்
ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்காத ஆடு வேணும்

வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். எழுதிய பெண்பிள்ளை சிரிக்கவில்லை. கூட்டிப்போக வந்திருந்த ஒரு வாப்பா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "சேர், இது மார்க்கத்துக்கு மாத்தமா எழுதுறதில்லையா?" என்று தயங்கிக் கேட்டார். நல்ல கேள்விதான். நான் சொன்னேன்: "தம்பி, இப்றாஹீம் நபிட கதையில பெறுமதி எங்க இருக்கு? நேசிச்சதக் குடுக்கச் சொன்னதிலதானே. ஆட்ட நேசிக்காத பிள்ளைக்கு குர்பான் எண்டா இறைச்சி மட்டும்தான். இந்தப் பிள்ளைக்கு அது விளங்கத் தொடங்கியிருக்கு." அவர் சற்று யோசித்து, "சரிதான் சேர், போன வரிசம் அவ ரெண்டு நாளா இறைச்சி தின்னல்ல" என்றார். பிள்ளையின் கவிதையை அழித்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

பள்ளிக்கூடம் போகாத ஆசிரியைகள்

நியூயோர்க் வரை போகவேண்டிய அவசியமும் எங்களுக்கு முழுதாக இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் கையொப்பம் போடத் தெரியாத பெண்கள் கவி கட்டினார்கள். நெல் குற்றும்போதும், மா இடிக்கும்போதும், பாய் இழைக்கும்போதும் கட்டினார்கள். வயலில் ஆண்களும் பாடினார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊரூராகத் திரிந்து திரட்டி நூலாக்கியிராவிட்டால் பெரும்பகுதி மையத்தோடு போயிருக்கும். என் மூத்தம்மாவும் கவி சொல்வார். "எப்படி மூத்தம்மா கட்டுறீங்க?" என்று சின்ன வயதில் கேட்டபோது, "முன்னால நிக்கிறதச் சொல்லு, மறுகா மனசில நிக்கிறதச் சொல்லு, அவ்வளவுதான்" என்றார். இதைவிடச் சுருக்கமான கவிதைப் பாடத்தை நான் ஆசிரியர் கலாசாலையிலும் படிக்கவில்லை.

பல கவிகளின் கட்டு அதுவேதான். நாலு வரி, முதல் இரண்டில் கொக்கோ, ஓடமோ, தென்னையோ, கண்முன் நிற்கிற ஒன்று, பின் இரண்டில் நெஞ்சில் நிற்கிற சங்கதி. மலாய் மக்களின் பந்துனும் நாலு வரிதான். முன்னிரண்டு வரி காட்சி, பின்னிரண்டு வரி கருத்து. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுத்தறியாத மனிதர்கள் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள் என்றால் அது மனித மனதுக்கு இசைவான வழியாக இருக்க வேண்டும். கவிகளில் பெரும்பாலும் மச்சான் மச்சியின் காதல். அந்தப் பொருளைச் சின்ன வகுப்புக்குக் கொண்டுபோக ஏலாதுதான். கட்டைக் கொண்டுபோகலாம். அந்த மீனவர் வீட்டுப் பிள்ளை முன்னால் நின்ற கதவைச் சொன்னது. மனதில் நின்றதைக் காற்றிலே சொன்னது. மூத்தம்மாவின் பாடத்தைக் கேட்காமலே அதன்படி எழுதியிருக்கிறது.

வகுப்பில் செய்யக்கூடியவை

ஆசிரியர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடங்கக்கூடியவை.

முதலில் தலைப்புக் கொடுக்காதீர்கள். "தாய்", "மரம்", "நூலகம்" என்று கரும்பலகையில் எழுதியவுடன் மனனமிட்ட வரிகள் வந்துவிடும். பதிலாகப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஐந்து நிமிடம் பார்க்கவிடுங்கள். மழை நாளென்றால் ஜன்னலே போதும். "மரத்தைப் பற்றி" என்று கேட்காமல் "அந்த வேப்பமரத்தில் இண்டைக்கு என்ன கண்ட?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, எழுத முன் பேசவிடுங்கள். பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லட்டும். சொல்லும்போது வருகிற சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்கள். உம்மா என்றால் உம்மா. கொழும்புப் பிள்ளை "நானா" என்றும் எங்கட பிள்ளை "காக்கா" என்றும் எழுதட்டும். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வரியை முறிக்கச் சொன்னால் போதும். அசையும் சீரும் பிறகு வரும்.

மூன்றாவது, நாலு வரிக்கு மேல் கேட்காதீர்கள். இரண்டு வரியில் கண்டது, இரண்டு வரியில் அதனால் மனதில் வந்தது. மூன்று வரியோடு நின்றாலும் விட்டுவிடுங்கள்.

நான்காவது, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தானே வாசித்து எங்கே இடறுகிறதோ அங்கே தானே மாற்றட்டும். "ஒரு சொல்லைக் குறைக்க ஏலுமா?" என்று கேட்கலாம். எந்தச் சொல் என்று நீங்கள் சொல்லக்கூடாது. திருத்துவதே பிழை என்று நான் சொல்லவில்லை. பேனா யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஐந்தாவது, எழுத்துப் பிழை. லகர, ளகர, ழகரம் பிழைத்தால் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். கவிதைத் தாளில் சிவப்பு மை போடாமல், மறுநாள் மொழிப் பாடத்தில் பொதுவாகச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை தானே போய்த் திருத்தும்.

இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். "புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா? எழுத்துத் தமிழ் எப்ப படிக்கிற?" என்று பெற்றோர் கேட்பார்கள். எழுத்துத் தமிழைக் கட்டுரையில் படிக்கட்டும், கட்டாயம் படிக்கவேண்டும். அது இல்லாமல் எங்கள் பிள்ளைகள் ஒரு விண்ணப்பம்கூட எழுத ஏலாது. ஆனால் இரண்டு கொப்பி வைத்துக்கொள்வதில் என்ன நட்டம்? ஒன்று நாங்கள் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் எழுத. மற்றது அவர்கள் சொல்வதை நாங்கள் கேட்க. இந்த இரண்டாவது கொப்பி இல்லாத சமூகத்தில் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியவராது. கடலுக்குப் போன வாப்பாவுக்காகக் கதவடியில் இருக்கிற உம்மாவையும் தெரியவராது. செருப்பு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிற தம்பியையும் தெரியவராது.

அந்தப் போட்டியில் என்ன செய்தேன் என்று சிலர் கேட்டார்கள். நீல எழுத்துக்குப் பரிசு கொடுக்க மனம் வரவில்லை. பென்சிலுக்குக் கொடுக்க விதியில்லை. அது "சமர்ப்பிக்கப்பட்ட ஆக்கம்" அல்லவாம். ஆகவே நடுவர் அறிக்கையில் ஒரு சிபாரிசு எழுதிக் கொடுத்தேன். இனிமேல் ஆரம்பப் பிரிவுக் கவிதைப் போட்டிகளில் பிள்ளை முதலில் எழுதிய தாளையும், வெட்டுக் கொத்தோடு, திருத்தாமல் இணைத்து அனுப்பவேண்டும். புள்ளி அதற்கே போடவேண்டும் என்று. வாசிகசாலைக் குழு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்களில் போட்டி வைப்பவர்களும் இந்த ஒரு விதியைச் சேர்த்துப் பார்க்கலாம். செலவில்லை.

பரிசளிப்பு அன்று அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்தேன். தாளைக் காட்டி, "அடியில பென்சிலால எழுதின ஆரு?" என்று கேட்டேன். பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சேர், வடிவா அழிக்கல்ல" என்றது. "நல்லதுக்குத்தான் மகள்" என்று சொல்லி, ஒரு புதுக் கொப்பியும் பென்சிலும் கொடுத்தேன். இறப்பர் கொடுக்கவில்லை.